நீலப் பெட்டியில் வந்த சம்மதம்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாவும் அவருடைய நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“செல்வி, பொண்ணப் புடிச்சுதானு கேட்டா, மாப்ளையோட அம்மா போன்ல ஒரு நீலப் பொட்டிய அனுப்பிக்கிறா,” என்றார் அம்மா.

நாத்தனார் போனை வாங்கிப் பார்த்தார். “உள்ள ஓகேனு இங்கிலீசுல போட்டுக்குது அண்ணி. சம்மதந்தான்.”

“சம்மதம்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்களா? பூ வைக்க ஞாயித்துக்கெழம வாங்கன்னேன். அதுக்கும் இதே பொட்டி.”

“ஞாயிறா? அன்னிக்கு அண்ணனுக்கு ஏரியில பாடு. அந்த வலை கட்டுற மொறைய வுட்டா மறுபடி எப்ப வருமோ. நைனா இல்லாம பொண்ணுக்குப் பூ வைப்பியா?”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வரச் சொல்லி நாத்தனாரே அதே போனில் குரல் பதிவு செய்து அனுப்பினார். திருப்பாலைவனம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. அதே நீலப் பெட்டி.

“பாத்தியா, அவளுக்குக் கோவம்,” என்றார் அம்மா.

“இன்னா கோவம்? மூணு தபா கேட்டாச்சு, மூணு தபாவும் சரின்ட்டா. எதிர்த்து ஒரு வார்த்த பேசல. இந்த மாதிரி மாமியா எந்த ஊர்ல கெடைப்பா? கண்ண மூடிக்கினு பொண்ணக் குடு அண்ணி.”