முறுக்கு டின்

— வீடியோவ நல்லாப் பாருங்க ஆன்டி. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க.

— பாத்தாச்சு. எதிர்வீட்டு தம்புசாமியோட கறிவேப்பிலச் செடி. அந்தாளு பேரப்புள்ள மாதிரி அதத் தெனம் ஒரு வீடியோ எடுத்து பிளாட் வாட்ஸப் குரூப்புல போடுறாரு. அதுக்கு நீ ஏண்டி மாதவி வேல முடிஞ்சு வந்ததும் வராததுமா கண்ண உருட்டுற?

— செடிய விடுங்க. செடிக்குப் பின்னால பாருங்க. காரிடார்ல மஞ்ச கவுன் போட்டுக்கிட்டு டக்கு டக்குனு நடக்குறது யாரு?

— எல்லாப் புள்ளைங்களும் பின்னாலேர்ந்து பாத்தா ஒரே மாதிரிதான்லா.

— கேத்தரின் ஆன்டி.

— சரி, கவிஷாதான். இப்ப என்னாங்கிற?

— இது போன வியாழக்கெழம எடுத்தது. என் பொண்ணு மொத மொதல்ல நடந்தது அதுக்கு மூணு நாள் கழிச்சு, ஞாயித்துக்கெழம, கிள்ளான்ல, எங்க வீட்டு சோபாவிலேர்ந்து டிவி வரைக்கும். அப்படித்தானே நான் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்? பேஸ்புக்ல போட்டேன். என் வீட்டுக்காரரு கிஷன் அழுதுட்டாரு. கேக்கு வெட்டுனோம். திங்கக்கெழம உங்களுக்கும் ஒரு துண்டு கொண்டாந்தேன். நீங்க கைதட்டி, "என் தங்கம் நடந்துருச்சா"ன்னு கண்ணத் தொடச்சீங்க.

— கேக்கு நல்லாருந்துச்சு. கிரீம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

— வெளையாடாதீங்க.

— நான் எங்கடி வெளையாடுறேன். புள்ள பாக்குறதுல இது என் மொற. இங்க ஒரு புள்ள மொத அடி எடுத்து வெச்சா நான் பாக்கல. மொத வார்த்த பேசுனா கேக்கல. கண்ணு முன்னால கரகமே ஆடுனாலும் எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயி அம்மாக்காரி முன்னால என்னைக்குச் செய்யுதோ, அன்னைக்குத்தான் அது மொத தடவ. பாதி பிரிக்பீல்ட்ஸு என் மடியில ஒன்னுக்குப் போயி வளந்ததுதான். அதுல டாக்டர் இருக்கான், லாயர் இருக்கான், ஒருத்தன் பிளேனே ஓட்டுறான். ஒருத்தனோட அம்மாகிட்டயும் நான் வாயத் தொறந்ததில்ல.

— பெரும வேற. அதுக்குப் பேரு பொய்யி ஆன்டி.

— அதுக்குப் பேரு மரியாத.

— அப்ப பல்லு? மொதப் பல்லு?

— பல்லெல்லாம் நான் தேடிக்கிட்டுப் போகல. வெரலக் கடிச்சா. தெரிஞ்சுது.

— எப்ப?

— நீ கண்டுபுடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால.

— கார்ல "அம்மா"ன்னு சொன்னாளே, பெடரல் ஹைவே ஜாம்ல. பின்னாடி லோரிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, நான் ஓரமா நிறுத்தி அழுதேன். அதுவும் இங்க ஒத்திகை பாத்துட்டு வந்ததுதானா?

— அதக் கேக்காத.

— யாரப் பாத்துச் சொன்னா?

— ஜன்னல்ல ஒக்காந்திருந்த காக்காயப் பாத்து. போதுமா?

— நாளையிலேர்ந்து அவ இங்க வரமாட்டா.

— ஓ. எங்க போவா?

— கிள்ளான்ல ஒரு நர்சரி பாத்துட்டேன். மூலைக்கு மூலை கேமரா. அவ தும்முனாக்கூட என் போன்ல தெரியும்.

— நல்லது. மீட்டிங்ல ஒக்காந்து போனப் பாத்துக் கைதட்டு, பாஸு போனஸ் குடுப்பாரு. ஏண்டி, தூங்குற புள்ளையக் கொண்டாந்து போட்டுட்டு, தூங்குற புள்ளையத் தூக்கிட்டுப் போற. நடுவுல அது நடக்கணும்னா உன்கிட்ட லீவு கேக்கணுமா?

— நான் என்ன ஜாலிக்கா வேலைக்குப் போறேன்?

— போவாதன்னு நான் சொன்னேனா?

— வாய் சொல்லாது. மூஞ்சி சொல்லும். காலையில பால் போத்தல வாங்குறப்போ ஒரு பார்வ பாப்பீங்களே, ஹைகோர்ட் ஜட்ஜு மாதிரி.

— என் மூஞ்சியே அப்படித்தான்லா. கல்யாணப் போட்டோவுலயும் இதே மூஞ்சிதான். பாவம், அந்த மனுசன் அத நம்பித்தான் தாலி கட்டுனாரு.

— அங்க பாருங்க, கவிஷா உங்க தையல் மெஷினு பெடல்ல கால வெக்கிறா.

— வெப்பா. இரும்புக் காலு, அசையாது. இந்த வீட்டுக்கு வர்ற எல்லாப் புள்ளைங்களும் அதப் புடிச்சுத்தான் எழுந்து நிக்கும்.

— எங்கம்மா பேச்சக் கேட்டது என் தப்பு. "உன்னைய வளத்த கையி, தைரியமா விடு"ன்னாங்க. அவங்ககிட்ட இந்த வேலையக் காட்டியிருந்தா செருப்பு பிஞ்சிருக்கும்.

— உங்கம்மாவ இதுல இழுக்காத.

— ஏன்? அவங்களும் வேலைக்குப் போனவங்கதான். சுங்கை வே பேக்டரியில ஷிப்டு. பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்குவாங்க. என்னையும் இங்க விட்டுட்டுத்தான் போனாங்க. ஆனா நான் நடந்தத அவங்கதான் மொதல்ல பாத்தாங்க. தீவாளிக் காலையில, முறுக்கு டின்னப் புடிச்சு எழுந்து, நேரா அடுப்படிக்கு நடந்து போயி அவங்க சேலையப் புடிச்சேன். என் கல்யாணத்துல மைக்கப் புடுங்கி அந்தக் கதையச் சொன்னாங்க. மண்டபமே அழுதுச்சு. சமையக்காரரு கரண்டியோட வந்து நின்னு அழுதாரு. போன வருசம் ஆஸ்பத்திரியில, தண்ணி வேணுமாம்மான்னு கேட்டா, "டின்னப் புடிச்சுக்கிட்டு நின்ன"ன்னாங்க. அதுக்கப்புறம் பேச்சில்ல.

— தெரியும். கட்டில் அந்தப் பக்கம் நான்தான் நின்னேன்.

— அப்ப உங்களுக்குப் புரியணும்லா. நாளைக்கு கவிஷா கல்யாணத்துல மைக்கப் புடிச்சு நான் என்ன சொல்லுவேன்? தம்புசாமி அங்கிளோட கறிவேப்பிலைக்குப் பின்னால நடந்தா, நான் ஆபீஸ்ல இருந்தேன்னா?

— சோபாவிலேர்ந்து டிவி வரைக்கும்னு சொல்லு. அதுவும் நடந்ததுதானே.

— அது நீங்க தின்னுட்டு வெச்ச மிச்சம்.

— வாய அளந்து பேசு மாதவி.

— என்ன அளக்குறது? எங்கம்மாவுக்குக் கெடச்சுது. எனக்குக் கெடைக்க வேண்டியத நீங்க எடுத்துக்கிட்டீங்க. புள்ளையக் குடுங்க. பம்பர்ஸ் பையக் குடுங்க. கீழ கார டபுள் பார்க்கிங்ல போட்டுட்டு வந்திருக்கேன்.

— இந்தா. தூக்கிக்க. சாக்ஸு பைக்குள்ள இருக்கு. இனிமே அந்த முறுக்கு டின்னு கதைய மட்டும் என்கிட்டச் சொல்லாத.

— ஏன், உறுத்துதா?

— போடி. கார இழுத்துட்டுப் போயிடப் போறானுங்க.

— போனாப் போவுது. எங்கம்மா கதையில உங்களுக்கு எங்க வலிக்குது, சொல்லுங்க.

— நீ எழுந்து நடந்தது இந்த மெஷினு காலப் புடிச்சுடி, தீவாளிக்கு ரொம்ப முன்னாலயே. உங்கம்மா அந்த டின்னத் தூக்கிக்கிட்டு இதே வாசல்ல வந்து நின்னு, "கேத்தரின், எம்புள்ள நடந்துருச்சு"ன்னு சொன்னப்பவும் நான் கைதட்டிக் கண்ணத் தொடச்சேன்.