இருபத்தஞ்சாவது தலை

சரி... பிள்ளைங்க கையில இருக்குற போனைப் பத்திப் பேச ஆரம்பிச்சதும் அப்பாமார் எல்லாம் நிமிந்து உக்காந்துட்டீங்க. நேராச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதனால ஒரு சின்னக் கதையாச் சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கோவப்படுங்க.

எங்க கோவில்பட்டியில சிகாமணின்னு ஒரு நண்பர். கூட்டுறவு சங்கத்துல கிளார்க். வேலை அங்க... உயிரு எங்க? உலக சினிமாவுல! எங்க ஃபிலிம் சொசைட்டிக்கு அவர்தான் செயலாளர். டியூஷன் சென்டர் தகரக் கூரைக்கு அடியில, வேட்டியக் கட்டித் தொங்கவிட்டுப் படம் போடுவாரு. அவருக்கு வாழ்க்கையில ஒரே ஆசை... ஒரு நல்ல ஹாலு.

எட்டு மாசம் நடையா நடந்து, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சியப் பிடிச்சாரு. அண்ணாச்சிக்கு மாடியில பெரிய ஹால், ஏ.சி. உண்டு. அண்ணாச்சி சொன்னாரு, "சிகாமணி, மாசாமாசம் ஹாலை சும்மாவே தாரேன். ஆனா ஒண்ணு... முத படம் முடியும்போது என்னைச் சேக்காம இருபத்தஞ்சு தலை உள்ள இருக்கணும். நானே லைட்டைப் போட்டு எண்ணுவேன். தலையத்தான் எண்ணுவேன், செருப்பை இல்ல."

மனுசன் என்ன பண்ணிருக்கணும்? ஒரு சிரிப்புப் படம் போட்டிருக்கணுமா இல்லையா? போடல! டென்மார்க் டைரக்டர் ஒருத்தரோட முதல் படத்தப் போட்டாரு. அந்த டைரக்டருக்குப் பேட்டி எடுக்க வந்தவங்களோட வம்பு பண்றதுதான் பொழுதுபோக்காம். படம் முழுக்க மஞ்சள்... காமாலை வந்தவன் எடுத்த மாதிரி மஞ்சள். அழிஞ்சுபோன ஒரு ஊரு. சூரியன் கிடையாது, எப்பவும் மழை. மிச்சம் இருக்குறது நாலு தெருவிளக்கு, அதையும் எவனோ கல்லெறிஞ்சு ஒவ்வொண்ணா உடைக்கிறான். அவனைப் பிடிக்க ஒரு துப்பறிவாளர். அவர் என்ன பண்றாரு? நடக்குறாரு... நடக்குறாரு... இன்னும் நடக்குறாரு...

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு, அண்ணாச்சிய விட்டுட்டு, சிகாமணியும் சேத்து முப்பத்தாறு பேர் உக்காந்தோம். அரைமணி நேரம் ஆச்சு. ஒருத்தர் சுண்டுவிரலைக் காட்டுறாரு... எந்திரிக்கிறாரு... நாற்காலியில கர்ச்சீப்பைப் போடுறாரு... "இந்தா வந்துட்டேன்." வந்தாரா? வரல! அடுத்தவர் சுண்டுவிரலு, அடுத்த கர்ச்சீப். பதினோரு கர்ச்சீப் விழுந்திருச்சு.

கடைசி வரிசையில சிகாமணி எண்ணுறாரு. இருபத்தி மூணு... இருபத்தி நாலு... தன்னையும் சேத்தா இருபத்தஞ்சு. இன்னும் ஒருத்தன் போனா ஹால் போச்சு! வேர்த்து ஊத்துது அவருக்கு, ஏ.சி.யில!

அப்பப் பாத்து திரையில அந்தத் துப்பறிவாளர் சொல்றாரு... "உடைக்கிறவனைப் பிடிக்கணும்னா அவன் நடந்த வழியில நட. அவன் எடுத்த கல்லை எடு."

சிகாமணிக்குப் பொறி தட்டிருச்சு! பதினோரு பேரும் எங்க போறானுங்க? அவனுங்க போன வழியிலயே போய்ப் பிடிச்சு இழுத்துட்டு வாரேன்! எந்திரிச்சாரு. பழக்கதோசம்... சுண்டுவிரலைக் காட்டினாரு. கர்ச்சீப்பைப் போட்டாரு. படியில இறங்கினாரு. இடது பக்கம் கக்கூஸ்... ஆள் இல்ல. வலது பக்கம் வாசனை... வாழைக்காய் பஜ்ஜி!

டீக்கடையில பதினோரு பேரும் இருக்கோம். ஆமா, 'இருக்கோம்'. எனக்கு எப்படிக் கதை தெரியும்னு நினைச்சீங்க? முதல் கர்ச்சீப்பே என்னுதுதான்!

"ஏய்யா, மனசாட்சி இருக்கா? எட்டு மாச உழைப்புய்யா! எந்திரிங்கய்யா!" கத்துறாரு. கண்ணுல தண்ணி நிக்குது. எங்களுக்கும் வெக்கமாப் போச்சு. எந்திரிச்சோம். அந்த நேரம் மாஸ்டர் தட்டை நீட்டுறாரு, "சார், இப்பத்தான் எடுத்தேன்."

"எனக்கு வேணாம். நான் இவங்களக் கூப்பிட வந்தேன்."

"கூப்பிட்டுக்கிட்டே சாப்பிடுங்க சார்."

ஒண்ணு எடுத்தாரு. உக்காந்தாரு. சட்னி கேட்டாரு. அஞ்சு நிமிசம் கழிச்சு எங்களையே கேக்குறாரு, "ஏன்யா... அந்த ஆளு மழையில நனைஞ்ச கோட்டோடயே தூங்குறானே, சளி பிடிக்காதா?" சிரிச்சோம் பாருங்க... அப்படிச் சிரிச்சோம்!

மேல திடீர்னு மழைச் சத்தம் நின்னுச்சு. படம் முடிஞ்சிருச்சு!

ஓடுறாரு சிகாமணி, கையில பாதி பஜ்ஜி. பின்னால நாங்க பதினோரு பேர். மேல லைட்டைப் போட்டாச்சு. அண்ணாச்சி எண்ணிமுடிச்சு நிக்குறாரு.

"இருபத்தி நாலு தலை... பன்னெண்டு கர்ச்சீப்."

"அண்ணாச்சி! இந்தா, முப்பத்தாறு பேரும் இருக்கோம்!"

"படம் முடியும்போது இருந்தியா?" அண்ணாச்சி கடைசி வரிசைக் கர்ச்சீப்பை ரெண்டு விரலால தூக்கினாரு. "இது யாருது? நான் முழுசாப் பாத்தேன்ப்பா. கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? ஊர்ல ஒரே ஒரு விளக்கு மிச்சம். அதை உடைச்சது யாரு? கல்லை எடுத்து எடுத்துப் பழகிட்டானே, அந்தத் துப்பறியுறவன்... அவனேதான்."

ஹால் போச்சு. சிகாமணி இன்னைக்கும் தகரக் கூரைக்கு அடியிலதான் படம் போடுறாரு. நினைச்சா எனக்கு இப்பவும் கஷ்டமா இருக்கு.

சிரிச்சீங்கல்ல? இப்ப சொல்லுங்க. "அப்படி என்னதான் இருக்கு இதுல?"ன்னு மக போனைப் பிடுங்குறீங்களே... எதுக்கு? கண்காணிக்க! ஒரு வீடியோ பாக்குறீங்க... எதுக்கு? பரிசோதிக்க! அடுத்தது? அதுக்கடுத்தது? ஒரு மணி நேரம் கழிச்சு அந்தப் பிள்ள வந்து, "அப்பா, சார்ஜ் தீந்திருச்சாப்பா?"ன்னு கேக்குது. அம்மாமார் சிரிக்காதீங்க, உங்க கதையும் எனக்குத் தெரியும்!

பிடிக்கப் போறது தப்பில்லைய்யா. போன இடத்துல சட்னி கேட்டீங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஏன்னா வீட்டுல ஒரு பிள்ள நிதம் லைட்டைப் போட்டு எண்ணிக்கிட்டே இருக்கு... உங்க நாற்காலியில நீங்க இருக்கீங்களா, உங்க கர்ச்சீப் மட்டும் இருக்கான்னு.