ஆருக்கு வருத்தம்?

சிமியோன்: …ஒரேயொரு மாதம், மிஸ். கூடக் கேக்கேல்லை. இன்னும் சுகமில்லை எண்டு எழுதி விடுங்கோ.

வசந்தினி: ஆருக்கு?

சிமியோன்: ஸ்ரெல்லாவுக்குத்தான். பின்னை எனக்கோ?

வசந்தினி: சிமியோன் அண்ணை, காலமையிலையிருந்து இந்த மனநலக் கிளினிக்கிலை இருபத்திரண்டு பேரைப் பாத்திட்டன். தலை இடிக்குது. சுகமாக்கித் தாங்கோ எண்டு அழுதாக்களைப் பாத்திருக்கிறன். பெண்சாதிக்குச் சுகமில்லை எண்டு எழுதித் தரச்சொல்லிக் கேக்கிற முதல் ஆள் நீங்கள்தான்.

சிமியோன்: அவ வரமுந்திச் சொல்லுங்கோ, மிஸ். மருந்து எடுக்கிற இடத்திலை கியூ நீளம்தான், எண்டாலும்…

வசந்தினி: இஞ்சை பாருங்கோ, பயத்தை எழுதச் சொல்லி நான் குடுத்த அவவின்ரை கொப்பியை. தை மாதம், முதல் கிழமை. ‘இண்டைக்கு அவர் கடலாலை வரமாட்டார்.’ பயம் நூறுக்குத் தொண்ணூறு. அதுக்குச் சாட்சி என்ன எண்டு கேட்டன். ஒண்டும் எழுதேல்லை, அழுதா. இப்ப வாசியுங்கோ. ‘நேற்றும் வந்தார். முந்தநாளும் வந்தார். இண்டைக்கும் வருவார்.’ பயம் இருபது. ஆறே கிழமை! மனசிலை வாற எண்ணத்தை அப்பிடியே நம்பாதேங்கோ, சாட்சி கேளுங்கோ எண்டு எல்லாருக்கும்தான் சொல்லி விடுறன். ஒழுங்காய்ச் செய்தது அவ ஒராள். இண்டைக்கு அவவின்ரை பைலை மூடப்போறன்.

சிமியோன்: மூடாதேங்கோ.

வசந்தினி: ஏன் எண்டு சொல்லுங்கோவன்.

சிமியோன்: அந்தச் சாட்சி… பிழை, மிஸ்.

வசந்தினி: எது?

சிமியோன்: நேற்றும் வந்தார், முந்தநாளும் வந்தார் எண்டு எழுதியிருக்கிறா எல்லே. போனாத்தானே வாறதுக்கு.

வசந்தினி: நீங்கள் கடலுக்குப் போறேல்லையோ!

சிமியோன்: மெல்ல… கதவு திறந்து கிடக்கு.

வசந்தினி: எவ்வளவு நாளாய்?

சிமியோன்: கார்த்திகையிலை வள்ளம் கவிண்டது தெரியும்தானே. நானும் அவவின்ரை தம்பி லியோனும் மத்தியானம் வரைக்கும் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனாங்கள். வள்ளம் திருத்தி முடியத் தை பிறந்திட்டுது. முதல் நாள் கரை மட்டும் போனன். ஏறேலாமல் போச்சு.

வசந்தினி: அப்ப விடியப்புறம் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டுப் போறது?

சிமியோன்: ஊருக்கு அங்காலை ஒரு ஐஸ் கொம்பனி. ஐஸ் உடைச்சுப் பெட்டியிலை போடுறன்.

வசந்தினி: லியோன் கேக்கேல்லையோ?

சிமியோன்: உன்ரை கொக்காவுக்கு வருத்தம், தனிய விட்டிட்டு வரேலாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். வீட்டை வந்து அவளைக் கரைச்சல் படுத்தாதை எண்டும் சொன்னனான். இண்டைக்கு அவவுக்குச் சுகம் எண்டு நீங்கள் எழுதினா, அவனுக்குச் சொல்ல வேறை சாட்டில்லை, திங்கக்கிழமை நான் வள்ளத்திலை ஏற வேணும். அதுதான் மிஸ்… என்னாலை ஏலாது.

வசந்தினி: கடவுளே… மச்சானுக்கு ஒரு கதை, மனுசிக்கு ஒரு கதை.

சிமியோன்: நல்லாச் சிரியுங்கோ.

வசந்தினி: சிரிக்கேல்லை. எனக்கு என்னிலைதான் கோவம். ஆறு கிழமையாய் அந்தக் கதிரையிலை வந்து இருக்கிறியள். கடலிலை விழுந்தது நீங்கள். எப்பிடி இருக்கிறியள் எண்டு ஒரு நாள் கேட்டனோ?

சிமியோன்: ஒருத்தரும் கேக்கேல்லை. ஆம்பிளை உயிரோடை வந்திட்டான், சோத்தைப் போடுங்கோ எண்டினம். அவ்வளவுதான்.

வசந்தினி: இப்ப கேக்கிறன்.

சிமியோன்: கரையிலை நிண்டா, மிஸ், நெஞ்சு அடிக்கிற சத்தம் காதிலை கேக்குது. முப்பது வருசமாய்ப் போன கடல்… மூண்டு மணிக்கு எழும்பிப் பொய், வீட்டை வந்து பொய். அலுத்துப்போனன். தொழிலுக்குப் போனாக்கூட இவ்வளவு களைக்காது.

வசந்தினி: மூண்டு கேள்வி. சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன வேணும்?

சிமியோன்: கடல்தான். வேறை என்ன தெரியும் எனக்கு?

வசந்தினி: அதுக்கு இப்ப என்ன செய்யிறியள்?

சிமியோன்: ஐஸ் உடைக்கிறன்.

வசந்தினி: அது உங்களைக் கடலுக்குக் கிட்டக் கொண்டு போகுதோ?

சிமியோன்: …நீங்கள் பொல்லாத ஆள், மிஸ்.

வசந்தினி: நான் பைலை மூடாமல் விட்டா?

சிமியோன்: இன்னும் ஒரு மாதம் ஐஸ் உடைப்பன்.

வசந்தினி: பிறகு?

சிமியோன்: பிறகு… திரும்ப வந்து உங்களிட்டை நிப்பன்.

வசந்தினி: திங்கக்கிழமை ஆழக்கடலுக்குப் போங்கோ எண்டு நான் சொல்லேல்லை. முழங்கால் தண்ணியிலை பத்து நிமிசம். அது பழகினாப் பிறகு இடுப்பளவு தண்ணி. பிறகு கரையோடை வள்ளத்திலை ஒரு சுத்து. பயம் வரும். வந்தா ஓடாமல் நில்லுங்கோ, அது தானாய் இறங்கும்.

சிமியோன்: எங்கடை குருநகர்க் கரையிலை நான் முழங்கால் தண்ணியிலை நிண்டா நண்டும் சிரிக்கும்.

வசந்தினி: சிரிக்கட்டும்.

சிமியோன்: லியோனுக்கு என்ன சொல்றது?

வசந்தினி: உண்மையை. அவரும் உங்களோடை தண்ணியிலை கிடந்தவர்தானே. விளங்காதோ? முதலிலை ஸ்ரெல்லா அக்காவுக்குச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன். உங்கடை வாயாலைதான்…

ஸ்ரெல்லா: என்ன, நான் இல்லாமல் கூட்டம் நடக்குதோ? மாதாவே, இந்த நாலு குளிசைக்கு ஒரு மணித்தியாலம் நிண்டனான். கால் ரெண்டும் விறைச்சுப்போச்சு… ஏன், இவர் அழுதவரோ?

சிமியோன்: இரு, ஸ்ரெல்லா.

ஸ்ரெல்லா: இருந்திட்டன். சொல்லுங்கோ.

சிமியோன்: நான்… நான் தொழிலுக்குப் போறேல்லை. தை மாதத்திலையிருந்து ஒரு நாளும் போகேல்லை. நீ கொப்பியிலை எழுதினதெல்லாம் பொய். எனக்குப் பயம். உனக்கில்லை, எனக்கு.

ஸ்ரெல்லா: …ஓம்.

சிமியோன்: என்ன ஓம்?

ஸ்ரெல்லா: தெரியும்.

சிமியோன்: ஆர் சொன்னது?

ஸ்ரெல்லா: மீன் சொன்னது. எங்கடை வலையிலை பட்டது எண்டு நீங்கள் கொண்டுவந்து தந்தது ஒவ்வொண்டும் ஐஸிலை கிடந்த மீன். கண் குழி விழுந்து, செவுள் வெளுத்து… குருநகரிலை பிறந்தவளுக்கு உது தெரியாதோ? அடுத்த நாள் பின்னாலை வந்து பாத்தனான்.

வசந்தினி: அது எப்ப, அக்கா?

ஸ்ரெல்லா: ரெண்டாம் கிழமை.

வசந்தினி: ரெண்டாம் கிழமை… தொண்ணூறு நாப்பதாய்க் குறைஞ்ச கிழமை.

ஸ்ரெல்லா: கோவிக்காதேங்கோ, மிஸ். நீங்கள் நல்லாத்தான் சொல்லித் தந்தனீங்கள். சாட்சி தேடச் சொன்னியள், தேடினன்.

வசந்தினி: அப்ப ‘இண்டைக்கும் வருவார்’ எண்டு எழுதினது?

ஸ்ரெல்லா: வருவார்தானே! ஐஸ் கொம்பனியிலையிருந்து வராமல் எங்கை போறது?

சிமியோன்: எல்லாம் தெரிஞ்சுகொண்டு வாயே திறக்கேல்லையே, நீ!

ஸ்ரெல்லா: திறந்திருந்தா வெக்கத்திலை அடுத்த நாளே வள்ளத்திலை ஏறியிருப்பியள். கார்த்திகைக்குப் பிறகு நான் நித்திரை கொண்டது உந்த நாலைஞ்சு கிழமைதான்.

சிமியோன்: சரி. இனி ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. இண்டைக்குப் பின்னேரமே உன்ரை தம்பியிட்டைப் போறன். நடந்ததைச் சொல்லி, என்ரை இடத்தைக் கொஞ்ச நாள் வைச்சிரு மச்சான் எண்டு கேக்கிறன். திங்கக்கிழமை முழங்கால் தண்ணி. சித்திரைக்குள்ளை வள்ளம். மிஸ், இவவுக்குச் சுகம் எண்டு எழுதுங்கோ… நானே சொல்றன், எழுதுங்கோ.

ஸ்ரெல்லா: அவனிட்டைப் போகாதேங்கோ.

சிமியோன்: ஏன்? லியோன் பொறுப்பான்.

ஸ்ரெல்லா: அவன் போன கிழமை வீட்டை வந்தவன். அத்தானின்ரை இடத்தை இன்னும் வைச்சிருக்கிறன், உனக்கு எப்ப அக்கா சுகம் வரும் எண்டு அழாக்குறையாய்க் கேட்டவன். எனக்கு இனிச் சுகம் வராது, நீ வேறை ஆளைப் பார், தம்பி எண்டு… நான்தான் சொல்லிப்போட்டன். நேற்றையிலையிருந்து உங்கடை இடத்திலை வேறை ஒருத்தன் போறான்.