எந்த ரீட்ஃபொன்டைன்?

போதகர் விட்போய் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி சன்னா அவர்களே, வேலி கட்டும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, என்னிடம் படித்தவர்களே, வணக்கம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், இதே கூடத்தில், இன்று நாம் இறுதி விடை கொடுக்கக் கூடியிருக்கும் நம் கர்னீலியஸ் அப்போலிஸ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ரீட்ஃபொன்டைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, வாத்தியாரே?"

அதற்கான பதிலை இன்று சொல்கிறேன். கேட்கவில்லை.

தென்னாப்பிரிக்காவின் இந்த வறண்ட காரூ மண்ணில் அவர் கண்ணுக்குத் தப்பிய எலும்பு உண்டா? நம் அருங்காட்சியகத்தில் உள்ள புதைபடிவ மண்டையோடுகளில் நாற்பத்தொன்று, வேலி கட்டப் போன இடங்களில் அவர் கண்டெடுத்தவை. பழம்பாறைகளில் கிடைத்தவற்றின் பதிவேட்டைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு மண்டையோட்டின் சீட்டில், "ரீட்ஃபொன்டைன், இரண்டாவது கேட்" என்று எழுதியிருந்தார். ரயில் பாதையோரத்து ரீட்ஃபொன்டைன் பண்ணை என்று நானே வைத்துக்கொண்டேன். அங்கே இருப்பது சிவப்புப் பாறை. அந்த விலங்கோ, சிவப்புப் பாறை படிவதற்கு முன்பே அடியோடு அழிந்துபோனது. ஆகவே எழுதினேன்: "கண்டெடுத்தவரின் பிழை."

ஒரே வகுப்பில் இரண்டு மரியாக்கள் இருப்பதைப் போலத்தான் இது. வந்திருந்த மரியாவுக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டு, அவளையே திட்டிய வாத்தியார் நான். மலைக்கு அப்பால் இன்னொரு ரீட்ஃபொன்டைன் இருக்கிறது. அங்கே அதைவிடப் பழைய, அந்த விலங்கின் காலத்துப் பச்சைப் பாறை. இரண்டாவது கேட்டும் இருக்கிறது. அதை மாட்டியவரே அவர்தான்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு எந்த ஆய்வுக் குழுவும் அவரைக் கூப்பிடவில்லை. உண்மை எனக்குத் தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெட்கம் என் வாயைக் கட்டிப்போட்டது. போன மாதம்தான் அவர் கட்டிலருகே போய்ச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியுமே, வாத்தியாரே," என்றார். "நீங்க வருவீங்கன்னும் தெரியும். இவ்ளோ மெதுவா நடப்பீங்கன்னுதான் தெரியாது."

அவர் மனைவி சன்னா காபியை வைத்தார். "இருபத்தஞ்சு கோடி வருசம் கெடந்த எலும்பே சும்மா இருக்கு, நீ என்னய்யா முனகுறன்னு நான்தான் இவர அடக்குவேன். ஆனா எலும்புக்கு வயித்துப்பாடு இல்லயே, வாத்தியாரே."

அந்தக் காபி அப்படியே ஆறிப்போனது.

இன்று காலை அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "கண்டெடுத்தவர் கர்னீலியஸ் அப்போலிஸ். பிழை என்னுடையது." அவர் படித்திருக்க வேண்டிய வரி. மீதி நாற்பது சீட்டுகளையும் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேட்டாக நடந்துபோய்ப் பார்ப்பேன். இது இந்தக் கூடத்துக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இன்னொருவர் வேலையில் பிழை என்று குறிக்கப் போகும்போது, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், அவரையே கேளுங்கள்.