சூப்பர்வைசர் குரல்

அறந்தாங்கியில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"நேத்து வாட்ஸ்அப்புல என் குரலையே கேட்டேன் மாப்ள. அது என் குரல் இல்ல. எங்க சூப்பர்வைசர் குரல்."

"சவுதி வெயில்ல மூளை காய்ஞ்சு போச்சு மச்சான் ஒங்களுக்கு."

"சிரிக்காத. ஏழு வருசமா மகளுக்கு நான் அனுப்புன மெசேஜு. எந்திரிச்சியா, படிச்சியா, போன அம்மாட்ட குடு. ஒண்ணுலகூட எப்படிம்மா இருக்கன்னு கேக்கல. லீவுல வந்து நாப்பது நாளாச்சு. நான் உள்ள வந்தா எந்திரிச்சு நிக்கிறா, அங்க அந்த சூப்பர்வைசர் வந்தா நாங்க நிக்கிற மாதிரியே."

"வீட்டுலேர்ந்து கெளம்பியாச்சு, நாளைக்கு பிளைட்டு. இப்பவே பேசுங்க, அன்பாப் பேசுங்க."

ஜன்னலில் தைலமரங்கள் ஒன்றுபோல ஓடிக்கொண்டிருந்தன. அவர் போனை வாயருகே கொண்டுபோய் மைக்கை அழுத்தினார்.

"பாப்பா..."

பிறகு வெகுநேரம் காற்றும் எஞ்சினும்தான் பதிவாகிக்கொண்டிருந்தன.

"...படிச்சியா?"

விரலை எடுத்துவிட்டார். புதுக்கோட்டை வருவதற்குள் பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். தெளிவான, பணிவான குரல்.

"படிச்சிட்டேன்ப்பா. போன அம்மாட்ட குடுக்கவா?"