திரும்பப் பெறாத கட்டுரை

அச்சுப் பிழை கண்ணில் பட்டுவிட்டால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. பேருந்து விளம்பரத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட, இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இவளை ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போனா, அட்டையில இருக்கற கோஷத்தைத் திருத்திக்கிட்டு நிப்பா" என்று என் கணவர் அன்செல்மோ கேலி செய்வார். அரசு வழக்கறிஞரான உங்களுக்கு இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஓர் எண்ணைத் தெரியாமல் தவறாக எழுதுகிறவள் அல்ல நான்.

தலைநகர் அசுன்சியோனில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் மருத்துவரின் மாடியில் எங்கள் சங்கம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைப் பூட்டி வைக்காமல், யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இணையத்தில் வெளியிடும் பதிப்பாளர்களின் சங்கம். நூலகமே இல்லாத ஊரில் இருக்கும் மருத்துவரும், தலைநகரத்துப் பேராசிரியர் படிப்பதையே படிக்க வேண்டும் என்பது எங்கள் கொள்கை. அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் கதவைத் திறந்து வைத்தால் எல்லோரும்தான் வருவார்கள். வருகிற கட்டுரையைப் படித்துக்கூடப் பார்க்காமல் வெளியிடும் பதிப்பாளர்களும் வந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் உறுப்பினராகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினோரு ஆண்டுகளாகச் செய்கிறேன்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விண்ணப்பிக்கிற பதிப்பாளரின் இதழுக்கு, இல்லாத ஓர் ஆய்வாளரின் பெயரில், வேண்டுமென்றே தவறாக எழுதிய ஒரு கட்டுரையை அனுப்புவோம். தூண்டில் என்று அதற்குப் பெயர். ஒருமுறை படித்தாலே பிழை தெரிந்துவிடும். நிராகரித்தால் அவர்கள் நல்ல பதிப்பாளர்கள். ஏற்றுக்கொண்டால், ஏற்பு மடல் வந்த அன்றைக்கே, அச்சேறுவதற்கு முன், கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவளே நான்தான். என் தூண்டில்களில் பெரும்பாலானவை நத்தைகளின் செவித்திறன், பூசணிக்கொடியின் ஞாபகசக்தி போன்றவை. அலுவலகத்தில் அவற்றை உரக்கப் படித்துச் சிரிப்போம்.

அன்செல்மோ ஏழு ஆண்டுகளுக்கு முன் டெங்குவில் இறந்தார். சரியாகச் சொன்னால் டெங்குவில் இறக்கவில்லை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. நரம்பில் எவ்வளவு திரவம் ஏற்றலாம் என்று ஓர் இதழில் வந்த அட்டவணையைப் பார்த்து இளம் மருத்துவர் ஒருவர் ஏற்றினார். அட்டவணையில் ஒரு தசமப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது. என் கணவர் படுக்கையில் உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குள் இருப்பவரைப்போல, மூச்சுக்குத் தவித்துப் போய்ச் சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. நான் மருத்துவம் படித்தவள் அல்ல.

அந்த இதழின் உரிமையாளர் டாக்டர் வில்ஃப்ரீதோ ஒகாம்போஸ். கட்டுரையை அச்செடுத்து, பிழையைச் சிவப்பில் வட்டமிட்டு எடுத்துக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னார். குளிர்ந்த தேரேரே பானம் கொடுத்தார். காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ஒருத்தர் செத்தது ஆதாரம் ஆகாது, தோன்யா எர்மீனியா. அது விபத்து. அறிவியலுக்கு எண்ணிக்கை வேணும்."

"பிழையைத் திருத்தவாவது செய்யுங்க."

"துக்கத்துல இருக்கீங்க. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

போய்ப் படுத்தேன். அவர் சொன்னதை மட்டும் மறக்கவில்லை.

இந்த ஜனவரியில் அவருடைய விண்ணப்பம் எங்கள் சங்கத்துக்கு வந்தது. புதிய பெயரில் புதிய இதழ், அதே கையெழுத்து. எங்கள் தலைவி நீமியா என் மேசைக்கு வந்து கோப்பை எடுக்கப் பார்த்தாள்.

"இந்த ஆள நான் பாத்துக்கறேன், எர்மி. நீ விலகிக்கோ."

"ஏழு வருஷம் ஆச்சு. எனக்குக் கோபமெல்லாம் இல்ல."

"கோபம் இல்லாத விதவைய நான் பாத்ததே இல்ல."

"பாத்துக்கோ. எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். கோப்பு என்னிடமே இருந்தது.

இந்த முறை நத்தையைப் பற்றி எழுதவில்லை. டெங்கு கண்ட குழந்தைகளுக்குத் திரவம் ஏற்றும் முறை பற்றி எழுதினேன். பிப்ரவரி முப்பதாம் தேதி ஒரு நோயாளியைச் சேர்த்தேன். இருபது பேரிடம் நடத்திய ஆய்வில் இருபத்தாறு பேரைக் குணமாக்கினேன். அட்டவணையில் ஒரு புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தேன். ஆய்வாளர் பெயர் கேட்ட இடத்தில் அன்செல்மோ வில்யாசாந்தி என்று எழுதினேன். அவர் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்தியவர். அச்சில் தம் பெயரைப் பார்க்க அவருக்கு ஆசை இருந்தது. இந்தத் தூண்டிலை மட்டும் அலுவலகத்தில் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நான்காம் நாள் ஏற்பு மடல் வந்தது. இரண்டு வல்லுநர்கள் வரிவரியாகப் படித்து மிக நுட்பமான ஆய்வு என்று பாராட்டியதாக அதில் இருந்தது. திரும்பப் பெறும் கடிதம் என் கணினியில் தயாராக இருந்தது.

"கட்டுரையத் திரும்ப எடுத்துட்டியா?" என்று நீமியா கேட்டாள்.

"எடுத்தாச்சு."

அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு வரி போயிருக்கும். அவர் அடுத்த ஆண்டு வேறு பெயரில் வேறு இதழ் தொடங்கியிருப்பார். அவர் எண்ணிக்கை கேட்டவர். என்னிடம் அதுவரை ஒன்றுதான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கட்டுரை வெளியானது. எத்தனை பேர் படித்தார்கள் என்று பக்கத்தின் ஓரத்தில் ஓர் எண் தெரியும். தினமும் காலையில் வேலை தொடங்கும்முன் அதைப் பார்ப்பேன். பதினான்கு, முப்பத்தொன்று, தொண்ணூறு. தெருக்களில் புகையடிக்கும் வண்டி போய்க்கொண்டிருந்த வாரம் அது. டெங்கு பற்றி எல்லோரும் படித்தார்கள்.

பதினோராம் நாள், அன்செல்மோவின் பெயரில் நான் திறந்து வைத்திருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆற்றின் வடக்கே ஒரு சிற்றூர் சுகாதார நிலையத்திலிருந்து டாக்டர் ரெனே என்பவர் எழுதியிருந்தார். உங்கள் அட்டவணைப்படி ஒன்பது வயதுச் சிறுமிக்குத் திரவம் ஏற்றினேன், இன்று காலை இறந்துவிட்டாள், அட்டவணையில் தவறு ஏதும் இருக்கிறதா, தயவுசெய்து உடனே சொல்லுங்கள், இன்னும் இரண்டு குழந்தைகள் இங்கே படுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

கட்டுரையாளர் பதில் போடவில்லை என்று செய்தித்தாளில் வந்திருப்பது தவறு. பத்து நிமிடத்தில் பதில் போட்டேன். இந்தக் கட்டுரையை இரண்டு வல்லுநர்கள் சரிபார்த்திருக்கிறார்கள், ஐயம் இருந்தால் இதழின் ஆசிரியரைக் கேளுங்கள் என்று எழுதி, ஒகாம்போஸின் முகவரியையும் கொடுத்தேன். அவருக்கு நான் கொடுத்த கடைசி வாய்ப்பு அது. அவர் கட்டுரையை அப்போதாவது திறந்து படித்திருக்கலாம். நான்கு நிமிட வேலை. அவர் அலுவலகத்திலிருந்து டாக்டர் ரெனேவுக்குப் போன பதில் உங்கள் கோப்பில் இருக்கிறது. எங்கள் இதழில் வெளியாகும் ஒவ்வோர் எண்ணும் சரிபார்க்கப்பட்டது என்கிற ஒற்றை வரி.

அந்த வரியைப் படித்து டாக்டர் ரெனே தைரியமடைந்தார். படுத்திருந்த இருவரில் ஒரு குழந்தையை அதன் தந்தை தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். மற்றவன் ஆரியேல், ஆறு வயது. வியாழக்கிழமை மதியம் இறந்தான். அதையும் டாக்டர் ரெனே அன்றே எழுதித் தெரிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லாவற்றையும் அனுப்பினேன். கட்டுரை, ஏற்பு மடல், இரு மரணங்கள் பற்றிய குறிப்பு. சுகாதார அமைச்சகத்துக்கும் செய்தித்தாள்களுக்கும் சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளிலேயே அனுப்பினேன். தூண்டில் எங்களுடையது என்பதை மட்டும் எழுதவில்லை. திங்களன்று ஒகாம்போஸைக் கைது செய்தார்கள். அவரை ஏற்றிக்கொண்டு போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கையிலிருந்த ஒரு காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அன்று மண்டியோக்கா கிழங்கை வேகவைத்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது ஏன் வாக்குமூலம் என்று கேட்பீர்கள். கவனமாகப் படிக்காமல் அட்டவணையைப் பயன்படுத்திய டாக்டர் ரெனேதான் குற்றவாளி என்று ஒகாம்போஸின் வழக்கறிஞர் வாதாடுகிறார். ரெனேயையும் நீங்கள் வழக்கில் சேர்த்திருக்கிறீர்கள். பழியை இரண்டாகப் பிரித்தால் ஒகாம்போஸுக்குப் பாதிதான் சேரும். அதற்காக நான் இத்தனை பாடுபடவில்லை. அந்தக் கட்டுரை பிடிபடுவதற்காகவே எழுதப்பட்டது, படித்த எவரும் பிடித்திருப்பார்கள், அவர் படிக்கவில்லை. இதைச் சொல்ல என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

போன வாரம் ஆரியேலின் தாய் தெயோலிந்தா எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். பேருந்து நிலையத்தில் சீப்பா ரொட்டி விற்கிறவள். எட்டு மணி நேரம் பயணம் செய்து, எனக்காகச் சில சீப்பாக்களை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"பேப்பர்ல உங்க பேரு இருந்துச்சு, தோன்யா. நீங்க இல்லன்னா அந்த ஆளு தப்பிச்சிருப்பான்."

"தப்ப விட்டிருக்க மாட்டேன்."

"கொஞ்சம் முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதான்னு தோணுது. தப்பா நெனைக்காதீங்க. சும்மா சொல்றேன்."

"நானும் அதத்தான் நெனைக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அழுதாள். நீமியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சீப்பா நன்றாக இருந்தது, சோம்பு தூக்கலாக. மூன்று சாப்பிட்டேன். அவள் போனபிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். என் கணவரைக் கொன்றவனைக் கூண்டில் பார்க்க நான் ஏழு ஆண்டுகள் காத்திருந்தேன். தெயோலிந்தா காத்திருந்தது நான்கே நாள். அந்தப் பெண்ணுக்கு என்னால் முடிந்த நல்லதைச் செய்திருக்கிறேன்.