நனையாத மெத்தை

கெலிஓயாவில் ஒரு மெத்தையைக் காயவைப்பது லேசான காரியமல்ல, அனீஸா மச்சி. காலையில் வெயில் எறிக்கிறது என்று நம்பி மேல்தட்டுக்கு ஏற்றினால், லுஹர் தொழுகைக்குள் ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கிவிடும். இலவம்பஞ்சு ஒரு தடவை ஊறினால் கட்டிகட்டியாகி உள்ளே புளித்துப்போகும். பிறகு எத்தனை வெயில் பட்டாலும் அந்த வாடை போகாது. நான் படித்தது சின்னப் பாடசாலைதான். ஆனாலும் மனையியல் டீச்சர் சொல்லித் தந்ததை இன்றுவரை விட்டதில்லை. வெள்ளிக்கிழமை உறை மாற்றுவேன். மாதம் ஒருமுறை தலைமாட்டைக் கால்மாட்டுக்குத் திருப்புவேன். அப்பச்சோடா தூவி, ஊறவிட்டுத் தட்டி எடுப்பேன்.

உங்கள் நானா, என் புருஷன், எப்படி மௌத்தானார், உயிர் எப்படிப் போனது என்று நேற்று டெலிபோனில் கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மெத்தையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

அந்த மெத்தை என் வாப்பா கலியாணத்துக்குத் தந்தது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் அவர் விழுந்த பிறகு அதன்மேல் றபர் விரிப்புப் போட்டேன். வியர்த்து முதுகு புண்ணானதால் எடுத்தேன். பம்பர்ஸ் கட்டினேன், நல்லாயிருந்த கையால் பிய்த்து எறிந்தார். மூத்திரம் பஞ்சுக்குள் இறங்கியது. நஜீஸ் பட்ட இடத்தைத் தண்ணீர் ஊற்றித்தான் சுத்தமாக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் பஞ்சு அழுகும். நான் என்ன செய்ய?

அந்த நேரத்தில்தான் கண்டியிலிருந்து நீங்களும் உங்கள் மருமகள் றலியாவும் வந்தீர்கள். கட்டிலில் உட்காராமல், கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள்.

"என்னத்த மச்சி, வீட்டுக்குள்ள ஆடு கட்டீக்கிறீங்களா?" என்றீர்கள். "இந்தக் கட்டில்ல இருந்தா குளிச்சிட்டுத்தான் தொழணும் போல."

றலியா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உங்கள் நானாவும் சிரித்தார், பாதி வாயால். நீங்கள் இரண்டு பேரும் ஒரு விரிப்பையாவது அலசிப் போட்டுவிட்டுப் போயிருந்தால், இவ்வளவு எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

ரமழான் பிறந்தது. அவருக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவி சொல்லியிருந்தார். விடுபடும் நோன்புகளுக்குப் பதிலாக ஏழைகளுக்கு அரிசியும் கொடுத்தாகிவிட்டது. ஆனால் முதல் நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழும்பியபோது அவரும் விழித்துக்கொண்டு, "ஸுலைஹா, எனக்கும் நோன்பு நிய்யத்து வெச்சித் தா" என்றார். சொல்லிக்கொடுத்தேன். பகலில் தண்ணீர் கேட்டார். "நோன்புதானே" என்றேன். உடனே வாயை மூடிக்கொண்டார். அன்று பொழுதுபட்டு மஃரிபுக்கு விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். மெத்தை காய்ந்திருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. நானாகக் கண்டுபிடித்ததல்ல.

நோன்பு மாதம் முடிந்து பெருநாள் பிறந்ததை அவருக்குச் சொல்லவில்லை. பள்ளிவாசல் தக்பீர் கேட்காமல் ஜன்னலைச் சாத்தி, காற்றாடியைப் போட்டுவிட்டேன். கிழமை, மாதமெல்லாம் அவருக்கு ஏற்கெனவே குழம்பிப் போயிருந்தது. தண்ணீர் கேட்பார், நோன்பு என்பேன், பொறுத்துக்கொள்வார். தொண்டை காய்ந்த குரலில், "பாங்கு சொல்லிட்டாங்க, ஸுலைஹா" என்பார். "அது அடுத்த ஊர்ப் பள்ளி. நம்மட பள்ளியில இன்னம் சொல்லல்ல" என்பேன். நம்முடைய பள்ளிப் பாங்குக்குத்தான் நோன்பு திறப்பது அவருக்கு வழக்கம். அதில் அவர் கண்டிப்பு. இரவானதும் சின்னக் கோப்பையில் கஞ்சி கொடுத்தேன். பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பெருநாள் கழிந்து நீங்கள் வட்டிலப்பத்தோடு வந்தது நினைவிருக்கிறதா? ஊட்டப் போனீர்கள். உதட்டை இறுக்கிக்கொண்டு "நோன்பு" என்றார். பெருநாளுக்குப் பிறகு விரும்பினவர்கள் பிடிக்கும் ஆறு நோன்பைப் பிடிக்கிறார் என்றேன். "யா அல்லாஹ், இந்த நெலமையிலயும் என்ட நானா!" என்று அழுதீர்கள். அவர் நெற்றியைக் கொஞ்சினீர்கள். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தீர்கள், மச்சி. அஸர் தொழுகை வரைக்கும். மூக்கைப் பொத்தவில்லை. வட்டிலப்பத்தை மூடித் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும் நீங்கள்தான்.

அந்தக் கிழமை முடியுமுன் அவர் பேச்சு நின்றது. நாக்கு மரப்பட்டைபோல் ஆகியிருந்தது. அன்றும் பகலில் நான் தண்ணீர் கொடுக்கவில்லை. இவ்வளவு நாள் காத்த மெத்தையை ஒரு கோப்பைத் தண்ணீருக்காக விட எனக்கு மனம் வரவில்லை. ஆக, தாகத்தில் அவரைச் சாகவிட்டது நான்தான். கேட்டீர்களே, இதுதான் பதில். பொலிஸுக்குக் காட்டுவதென்றால் காட்டுங்கள். கீழே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

மையித்தைக் குளிப்பாட்டத் தூக்கியபோது விரிப்பில் ஒரு ஈரம்கூட இல்லை. "சுத்தமான மௌத்து" என்று பெண்கள் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள். இப்போது மெத்தையை எரித்துவிடச் சொல்கிறீர்கள். எரிக்க மாட்டேன். இன்றும் மேல்தட்டில்தான் கிடக்கிறது, நல்ல வெயில். வந்து மோந்து பாருங்கள்.

கடைசி நாள் காலையில் வந்த டொக்டர் அவர் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தண்ணி குடுக்கிறதில்லையா?" என்று கேட்டார். குடுத்தாலும் குடிக்கிறாரில்லை என்றேன். இதில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஸுலைஹா ஹுஸைன்